மலிவு விலை 1/72 டி-34/85 கிட்: வார்கேம் மேசைக்குத் தேறுமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் மாடலாக, இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கை 72-ல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் இந்த பிளாஸ்டிக் கிட் மட்டம். ஆனால் வார்கேமுக்கு, அதாவது மேசை மேல் மாடல்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கு, ஒரு சோவியத் டாங்க் கம்பெனியே வேண்டும், கையில் இருக்கும் பணமோ அளவானது என்றால் தாராளமாக வாங்கலாம். 1944-ல் ஒரு டி-34 கம்பெனி என்றால் 10 டாங்க். மூன்று மூன்றாக மூன்று பிளட்டூன், மேலே கம்பெனி கமாண்டருக்கு ஒன்று. நல்ல கிட்டாகவே பத்து வாங்கினால் பட்ஜெட் எங்கே போய் நிற்கும் என்று இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இதை வாங்கினால் பாதிக்கும் கீழே முடிகிறது. மிச்சத்தை உழைப்பில் கொடுக்க வேண்டும், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை, சில இடங்களில் மட்டும்.

பெட்டி மேல் இருக்கிற ஓவியம் அற்புதமாக இருக்கிறது. உள்ளே பாகங்கள் கோத்த கரும்பச்சை பிளாஸ்டிக் சட்டம் இரண்டு, வீல்களைச் சுற்றி ஓடும் கறுப்பு வினைல் ட்ராக் ஒரு ஜோடி, மஞ்சள் பூத்துப்போன டெக்கால் (ஒட்டும் அடையாளப் படங்கள்), ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த செய்முறைத் தாள். பெட்டிதான் புதுசு, பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு ரொம்பப் பழசு. பழைய அச்சுகள் கை மாறி, பெயர் மாறி, புதுப் பெட்டியில் திரும்பத் திரும்ப வருவது இந்தத் தொழிலில் சகஜம் என்பதால் பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கிற சட்டத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். கைப்பிடிக் கம்பிகள் டரட்டோடு (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்கூடு) சேர்ந்து கட்டியாக வார்க்கப்பட்டிருக்கும், என்ஜினுக்குப் பின்னால் வலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கும். பார்த்ததும் தெரிந்துவிடும்.

குறைகள் என்று பார்த்தால், எல்லாப் பாகத்திலும் பிசிறு. வீல்களின் உள்பக்கம் அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசி பதித்த வட்டக் குழிகள். மேல் ஹல்லும் கீழ் ஹல்லும் (ஹல் என்றால் டாங்கின் உடல்) சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி. பீரங்கிப் பேரல் இரண்டு பாதியாக வருகிறது, அந்தப் பாதிகளும் ஒன்றோடொன்று சரியாக உட்காரவில்லை. மட்கார்டு மட்டும் 1 மி.மீ. தடிமன் இருக்கிறது, 72-ஆல் பெருக்கினால் 72 மி.மீ. நிஜ டாங்கின் ஹல் முன் கவசமே 45 மி.மீ. தான், மட்கார்டு வெறும் தகரம்.

அளவுகள் பரவாயில்லை என்பதுதான் இந்தக் கிட்டைக் காப்பாற்றுகிறது. நிஜ டி-34/85-ன் ஹல் கிட்டத்தட்ட 6.1 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அதாவது 1/72-ல் சுமார் 85 மி.மீ., 42 மி.மீ. வெர்னியர் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் கொஞ்சம்தான் குறைகிறது. சாலைச் சக்கரம் 830 மி.மீ. விட்டம், 11.5 மி.மீ. வர வேண்டும், அதுவும் ஏறக்குறைய சரி. வேறு கிட்டில் செய்த டி-34 பக்கத்தில் நிறுத்தினால் குட்டியாகத் தெரியாது. கண்ணை உறுத்துவது டரட் மட்டும்தான், அது தட்டையாக இருக்கிறது, அழுத்தி வைத்த மாதிரி.

இங்கே ஒரு விஷயத்தை முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும். வார்கேமில் நாம் டாங்கைப் பார்ப்பது நின்றுகொண்டு, மேலேயிருந்து, மூன்றடி தூரத்தில். அப்புறம் ஒவ்வொரு டர்னுக்கும் கையால் தூக்கி வைக்கிறோம், பெரும்பாலும் டரட்டைப் பிடித்தோ பேரலைத் தட்டியோ. அதனால் மேலேயிருந்து தெரிகிறதா, கையில் உடையுமா என்ற இரண்டு கேள்விக்கும் இல்லை என்று பதில் வருகிற குறையை அப்படியே விட்டுவிடலாம். வீலின் உள்பக்கக் குழி, ஹல் அடித்தட்டு, பின் தகட்டு போல்ட் எண்ணிக்கை, இதிலெல்லாம் நேரம் போட்டால் பத்து டாங்க் முடியவே முடியாது.

முதலில் ட்ராக். எனக்கு இந்தக் கிட்டில் மிக அதிகமாகக் கோபம் வந்தது இதில்தான். வினைல் ட்ராக்கை பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டாது, அது பாலிஸ்டைரீனை உருக்கி ஒட்டுகிற திரவம், வினைலில் வேலைக்கு ஆகாது. செய்முறைத் தாளில் சொல்கிறபடி முனைகளைப் பழுக்கக் காய்ச்சிய ஸ்க்ரூடிரைவரால் உருக்கி இணைக்கலாம், பிடிக்கவும் செய்கிறது. ஆனால் ட்ராக் கொஞ்சம் குட்டை, இழுத்து மாட்டினால் மேல் பக்கம் கயிறு கட்டிய மாதிரி நேராக, வீலைத் தொடாமல் நிற்கிறது. டி-34-ல் இது கூடவே கூடாது. இந்த டாங்குக்கு ட்ராக்கைத் தாங்கும் ரிட்டர்ன் ரோலர் கிடையாது. கிறிஸ்டி வகை சஸ்பென்ஷன், பெரிய ஐந்து வீல், ட்ராக்கின் மேல் பகுதி அந்த வீல்களின் முதுகிலேயே படுத்துக்கொண்டு, இடையிடையே தொய்ந்து ஓடும். அந்தத் தொய்வுதான் டி-34-ன் முகம் என்றே சொல்வேன். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பொம்மையாகத்தான் தெரியும்.

சரி செய்யும் முறை இதுதான். முன்னால் ட்ராக் சுற்றி வருகிற ஐட்லர் வீல் உட்காரும் முளையை அறுத்துவிட்டு, வீலை ஒரு மி.மீ. பின்னால் தள்ளி ஒட்டுங்கள். நிஜத்திலும் ட்ராக் இறுக்கத்தைச் சரிசெய்வது இந்த ஐட்லரை நகர்த்தித்தான், அதனால் பார்வைக்குத் தவறு எதுவும் இல்லை. இப்போது ட்ராக் தளர்ந்துவிடும். வீல்களின் தலையில் ஒவ்வொரு துளி ஃபெவிக்விக் விட்டு, ட்ராக்கை ஐஸ் குச்சியால் அழுத்திப் பிடித்து ஒவ்வொரு வீலாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஒட்டும் முன் இரண்டு வேலை கட்டாயம். ட்ராக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவ வேண்டும், அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் வீலின் விளிம்புக்குக் கண்டிப்பாக பெயின்ட் அடித்திருக்க வேண்டும். சில வினைல்கள் வருடக்கணக்கில் பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அதை இளக்கிக் கூழாக்கிவிடும், நடுவில் ஒரு பெயின்ட் அடுக்கு இருப்பது காப்பு. ட்ராக்கின் மேல் பெயின்ட் உரியாமல் இருக்க, அடிப்பதற்கு முன் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிட்டால் நல்ல பிடிப்பு வருகிறது.

இவ்வளவு செய்தபின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நம்ப முடியாது. கிட்டில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது டரட். டி-34/85 என்றாலே டரட்தான். பழைய 76 மி.மீ. பேரல் டி-34-ல் டரட்டுக்குள் இரண்டே பேர், கமாண்டரே குறிபார்த்துச் சுட வேண்டும். 1944 தொடக்கத்தில் உற்பத்திக்கு வந்த 85-ல் மூன்று பேர், கமாண்டருக்குத் தனி குப்போலா (சுற்றிலும் பார்க்க டரட் கூரையில் இருக்கும் சின்ன மேடைக் கூடு). பல வார்கேம் விதிகளில் இந்த ஒரு வித்தியாசத்துக்கே தனி மதிப்பு உண்டு. எதிரில் ஆடுபவர் மூன்றடி தூரத்திலிருந்து எது 76, எது 85 என்று பார்த்ததும் சொல்ல வேண்டும் இல்லையா? அதற்குப் பெரிய டரட், குப்போலா, நீளப் பேரல் மூன்றும் கணீரென்று தெரிய வேண்டும்.

தட்டை டரட்டுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை எடுங்கள், தடிமன் 0.76 மி.மீ. டரட்டின் அடியை அதன் மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, வெட்டி, சூப்பர் க்ளூவால் அடியில் ஒட்டுங்கள். கார்டு பிவிசி என்பதால் மாடல் சிமென்ட் இதிலும் சரியாகப் பிடிக்காது. காய்ந்ததும் விளிம்பை உப்புத்தாளால் உள்நோக்கிச் சாய்வாகத் தேய்த்துவிட்டால் டரட்டுக்கும் ஹல்லுக்கும் நடுவில் நிஜ டாங்கில் இருக்கிற கழுத்து மாதிரியே வந்துவிடும். முக்கால் மி.மீ. உயரம்தான் கூடுகிறது, ஆனால் அந்த அமுங்கின தோற்றம் போய்விடுகிறது.

டரட்டின் பக்கங்கள் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கின்றன. இது தப்பு, ஏனென்றால் நிஜ டரட் வார்ப்பு எஃகு, போர்க்கால அவசரத்தில் வார்த்தது, மேற்பரப்பு முழுக்கச் சொரசொரப்பு, பக்கவாட்டில் வார்ப்பு இணைப்புத் தழும்பு நீளமாக ஓடும். பழைய, முடி உதிர்ந்த பிரஷ் ஒன்றில் லிக்விட் சிமென்ட்டைத் தொட்டு டரட் சுவரில் குத்திக் குத்தி எடுங்கள். பிளாஸ்டிக் மேலாக இளகி, பிரஷ் முடி பட்ட இடமெல்லாம் நுண்ணிய மேடுபள்ளமாகிவிடும். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் குத்தக் கூடாது, கூழாகும். கூரைத் தகடு வார்ப்பு இல்லை, உருட்டிய தகட்டை வெல்டு செய்தது, அதனால் மேலே தொடாமல் விட்டுவிடுங்கள். பக்கம் சொரசொரப்பு, மேலே வழவழப்பு என்ற இந்த வேறுபாடு பெயின்ட் அடித்து வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த பெயின்ட்) கொடுத்த பிறகு மிக அழகாக எடுத்துக்கொடுக்கிறது. தழும்புக்கு, சட்டத் துண்டை மெழுகுவத்தியில் காட்டி இழுத்து எடுத்த மெல்லிய பிளாஸ்டிக் இழையைச் சிமென்ட்டில் ஒட்டி, இளகியிருக்கும்போதே கத்தி முதுகால் அங்கங்கே அழுத்தினால் போதும்.

சொல்லப்போனால் மட்டமான கிட்டைத் தேற்றிப் பழகுவதற்கு டி-34-ஐவிடப் பொருத்தமான டாங்க் கிடையாது. நிஜ டாங்கே கரடுமுரடாகத்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. நீஷ்னி தகில், கோர்க்கி, ஓம்ஸ்க் என்று மூன்று ஊர்களில் வார்த்த டரட்டுகளில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. பிளாஸ்டிக்கில் லேசான கோணல் இருந்தால் அதைப் போர்க்கால வார்ப்பு என்று கண் ஏற்றுக்கொள்கிறது. இதே தரத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்க் கிட் ஒன்று வந்திருந்தால் வாங்காதீர்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன், அந்த நேர்க்கோடுகளும் அடுக்கடுக்கான வீல்களும் எதையும் மறைக்கவிடாது.

பேரலுக்கு வருவோம். இரண்டு பாதியை ஒட்டிக் காயவிட்டு, இணைப்புக் கோட்டை உப்புத்தாளால் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். முனையில் துளை இல்லை. 85 மி.மீ. குழாய்க்கு 1/72-ல் துளை சுமார் 1.2 மி.மீ. வரும், கையால் திருகும் சின்ன ட்ரில்லில் 1 மி.மீ. பிட் போட்டு ஆரம்பித்து 1.2-க்குப் போங்கள், முதலிலேயே ஊசியால் மையத்தில் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் பிட் வழுக்காது. இன்னும் முக்கியம், பேரல் டரட்டில் சேரும் இடம். கிட்டில் அது வெறும் ஒட்டு, முதல் ஆட்டத்திலேயே யாருடைய சட்டைக் கையாவது பட்டு ஒடியும். இரண்டு பக்கமும் துளை போட்டு, நடுவில் பேப்பர் கிளிப் கம்பி ஒரு துண்டைச் செருகி ஒட்டுங்கள், பிறகு பேரலைப் பிடித்தே டாங்கைத் தூக்கினாலும் ஒன்றும் ஆகாது.

கைப்பிடிக் கம்பிகள். நிஜ டாங்கில் இவை டாங்க் மேல் ஏறி வரும் காலாட்படைக்காரர்கள் பிடித்துக்கொள்வதற்கு. கிட்டில் இவை சுவரோடு ஒட்டின தடிப் புடைப்புகள். கத்தியால் சீவி, தேய்த்து எடுத்துவிட்டு, 0.4 மி.மீ. செம்புக் கம்பியை ப வடிவத்தில் வளைத்துத் துளையில் செருகுங்கள். 72-ஆல் பெருக்கினால் 29 மி.மீ. தடிமன், கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. கம்பியைத் தனியாக வாங்க வேண்டியதில்லை, எலெக்ட்ரீஷியன் விட்டுப் போகிற ஒயர் துண்டை உரித்தாலே கிடைக்கும். எல்லா வளைவும் ஒரே உயரத்தில் வர, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துச் செருகிவிட்டு ஒட்டியபின் உருவிவிடுங்கள். பத்து டாங்குக்கும் ஹல் கம்பிகளைச் செய்வது அலுப்பு என்றால் டரட் கம்பிகளை மட்டுமாவது செய்யுங்கள். நிழல் விழுவது அங்கேதான் தெரியும்.

மட்கார்டை முழுக்கத் தேய்க்க வேண்டாம். கண்ணில் படுவது விளிம்பு மட்டும்தான், அதனால் அடியிலிருந்து சாய்வாகச் சீவி விளிம்பை மட்டும் மெல்லியதாக்கினால் போதும். ஹல் இடைவெளிக்கு எம்-சீல். பிசைந்து புழுப்போல உருட்டி அழுத்தி, ஈர விரலால் வழித்துவிடுங்கள். டாங்கை மூடுவதற்கு முன் உள்ளே இரண்டு இரும்பு நட்டுகளை ஒட்டிக்கொள்ளுங்கள், கையில் எடுத்தால் கனம் தெரியும், மேசையில் வழுக்கி ஓடாது.

என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற வலைக்கு எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலை கச்சிதம். கொசுவலை சரிப்படாது, அதன் கண் இந்த அளவுக்கு ரொம்பப் பெரிசு. ஒரு வடிகட்டி முழுக் கம்பெனிக்கும் போதும். மிச்சமும் இருக்கும், அதை எறிய வேண்டாம்.

எனக்கு இந்தக் கிட்டை 1945 ஏப்ரலில் பெர்லினுக்குள் நுழைந்த டாங்காகச் செய்வதுதான் சரி என்று பட்டது. ஒன்று, டெக்கால் தேவையில்லை. பெர்லினில் நேச நாட்டு விமானங்கள் தங்கள் பக்கத்து டாங்கையே தவறி அடித்துவிடக் கூடாது என்று டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் கூரையில் வெள்ளைச் சிலுவைக் குறியும் அடித்திருந்தார்கள். மேலேயிருந்து பார்க்கிற வார்கேம் மேசைக்கு இதைவிட நல்ல குறி கிடையாது. பிரஷ்ஷால், கைபோன போக்கில் அடித்தது, அதனால் நாமும் டேப் ஒட்டாமல் கையாலேயே அடிக்கலாம், கோணினால் இன்னும் நிஜமாக இருக்கும். இரண்டாவது, தெருச் சண்டையில் பான்ஸர்ஃபாஸ்ட் என்ற ஜெர்மன் கையடக்க டாங்க் எதிர்ப்பு ஆயுதத்துக்குப் பயந்து பல டி-34/85-களில் டரட்டின் பக்கத்திலும் ஹல்லிலும் கம்பி வலைச் சட்டங்களை வெல்டு செய்திருந்தார்கள். மிச்சமான வடிகட்டி வலையை வெட்டி, செம்புக் கம்பியில் சட்டம் கட்டி, டரட் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினால், இந்தக் கிட்டின் மிக மோசமான பகுதியான டரட் பக்கங்கள் பாதி மறைந்துவிடும். எல்லா டாங்குக்கும் போடாதீர்கள், கம்பெனியில் மூன்று நான்குக்குப் போட்டால் போதும், பார்க்கவும் வேறுபாடு வரும்.

பெயின்ட் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சோவியத் டாங்குகளுக்கு அடித்த 4பிஓ பச்சை என்பது கடும் பச்சை, அதை அப்படியே அடித்தால் இவ்வளவு சின்ன டாங்க் கறுத்துப்போய்த் தெரியும், கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையும் கலந்து வெளுக்க வையுங்கள். கரும் பழுப்பு வாஷ், அப்புறம் பெயின்ட்டைத் துடைத்தெடுத்த பிரஷ்ஷால் விளிம்புகளில் லேசாகத் தடவுகிற உலர் பிரஷ், நம் சொரசொரப்பும் தழும்பும் தானாக மேலே வரும். பெர்லின் தூசிக்கு நான் நிஜச் செங்கல் பொடியைத்தான் பயன்படுத்துகிறேன், இடித்து, துணியில் சலித்து, மெல்லிய பிரஷ்ஷால் என்ஜின் மேலும் மட்கார்டு மேலும் தூவி, அதன் மேல் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே. வார்னிஷ் இரண்டு அடுக்காவது கொடுங்கள், இது கைபடும் பொருள்.

குப்போலாதான் எனக்கு இன்னும் திருப்தி தராத ஒரே இடம். மூடி அச்சிலேயே மூடினபடி வார்க்கப்பட்டிருக்கிறது, சுற்றியிருக்கும் பார்வைத் துவாரங்கள் வெறும் கீறல். கத்தி முனையால் ஆழமாக்கிக் கறுப்பு வைத்தால் தூரத்திலிருந்து ஒப்பேறும். கமாண்டர் தலை நீட்டி நிற்கும் டாங்க் வேண்டும் என்றால் இந்தக் கிட்டில் முயலாதீர்கள், கமாண்டர் டாங்குக்கு மட்டும் ரெவெல் நிறுவனத்தின் 1/72 டி-34/85 ஒன்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், டரட் வடிவம் அதில் நன்றாக இருக்கிறது. கத்தி, உப்புத்தாள் எதுவும் தொட விருப்பமில்லை, வாங்கின அன்றே ஆட வேண்டும் என்பவர்களுக்கு ஸ்வெஸ்டா நிறுவனத்தின் பசையில்லாமல் மாட்டுகிற 1/72 டி-34/85 இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

மற்றவர்கள் இந்த மலிவுக் கிட்டை ஒன்றாக வாங்காமல் மூன்றாக வாங்குங்கள், ஒரு பிளட்டூனுக்கு அதுதான் கணக்கு. மூன்று டாங்குக்கும் ட்ராக்கை ஒரே உட்காரலில், கம்பியை அடுத்த உட்காரலில் என்று வேலை வேலையாகப் பிரித்துச் செய்தால் கை பழகி மூன்றாவது டாங்க் முதலாவதைவிட நன்றாக வரும், அந்த மூன்றாவதை மேசையில் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். வாங்கும்போது கடைக்காரரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி மேல் ஹல் முறுக்கியிருக்கிறதா என்று மட்டும் ஒரு தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். பிசிறு, இடைவெளி, தட்டை டரட் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, முறுக்கின ஹல்லை வெந்நீரில் போட்டு நிமிர்த்துவது மட்டும் பாதி நேரம் கைகொடுப்பதில்லை.